ஈசானத்தில் தண்ணீர்

அந்த அக்காவிடம் உயரம் சம்பந்தப்பட்ட எதையும் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. "மூத்தவன் இப்ப ஆறடி, அக்கா" என்று யாராவது பெருமைப்பட்டால், "எதிலயிருந்து? சப்பாத்தோடயோ, வெறுங்காலோ?" என்பார். நக்கல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும். வெறுங்கால் என்று உறுதியானால், "நல்ல வளர்த்தி" என்று மனம் நிறையச் சொல்லுவார். ஒருநாள் நான் வேலைக் கரைச்சலைப் பற்றி, "தண்ணி கழுத்து மட்டும் வந்திட்டுது அக்கா" என்று அலுத்துக்கொண்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கட கழுத்தெண்டால் எனக்கு அது நெஞ்சுதான் தம்பி. இன்னும் கொஞ்சம் இடமிருக்கு."

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சப்பாத்தோடு.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் அவருக்கு வைத்த பட்டப்பெயரையும் எழுதப்போவதில்லை. முதலாவது கனபேருக்கு மறந்துபோய்விட்டது. இரண்டாவது எங்கள் சங்கத்தில் இன்னும் கொழுகொழுவென்று உயிரோடு உலாவுகிறது. தென்கிழக்கு லண்டனில் தமிழருக்கு எத்தனை சங்கம் இருந்தாலும் மைக் ஒன்றுதான், அது என் கையில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். கலியாணம், சாமத்தியவீடு, பொங்கல் விழா, ஆண்டுப் பொதுக்கூட்டம், எது நடந்தாலும் அறிவிப்பாளர் நான். சம்பளம் கிடையாது. சனம் சிரிக்கும், அதுதான் சம்பளம். அந்தச் சிரிப்புக்காக என் சொந்த மாமனாரின் பொய்ப்பல்லைக்கூட மேடையேற்றியிருக்கிறேன்.

அக்கா ஒரு கவுன்சிலில், வடிகால் பகுதியில் வேலை செய்தார். எந்த வீதியில் மழைத்தண்ணீர் தேங்கியது, எந்தப் பம்ப் எத்தனை மணிக்கு ஓடியது, ஆறு எந்த நேரம் எவ்வளவு ஏறியது என்று பதிவு வைக்கிற வேலை. புதிதாக வருபவர்களிடம் நான் அவரை, "லண்டன் சாக்கடைக்கு அவதான் அட்மின்" என்று அறிமுகப்படுத்துவேன். "அட்மின் இல்லை, பதிவு" என்று திருத்திவிட்டு அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரித்தபடியால்தான் நான் தொடர்ந்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குரொய்டனில், அகதி விசாரணையில், அவர் பட்ட பாடு எங்கள் வட்டத்தில் பிரபலம். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து எழும்பியவர்கள்தான். "உங்கள் வீட்டிலிருந்து ஆமிக் காம்ப் எவ்வளவு தூரம்?" என்று என்னிடமும் கேட்டார்கள். பயத்தில் "கிட்ட, நல்லாக் கிட்ட" என்று இரண்டு கையாலும் காட்டினேன். காட்டிய தூரம் ஒரு பலாப்பழத்தின் நீளம். அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டாராம்: "வாசலிலயிருந்தோ, கிணத்தடியிலயிருந்தோ? வாசலெண்டால் நானூறு கஜம். கிணத்தடியெண்டால் மதிலைச் சுத்தவேணும்." மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

"என்னக்கா, ஷெல்லடிக்கேக்கையும் அளந்துகொண்டோ ஓடினனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓடேக்கை அளக்கேல்லை. ஒவ்வொரு நாளும் நடந்த வழி. எத்தினை அடி எண்டு தெரியாமலே போகும்?"

எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு நாளும் நடந்த வழி எத்தனை அடி என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அதை வைத்து ஒரு பகிடி செய்யத் தெரிந்தது.

பள்ளிக்கூட மண்டபங்களை வாடகைக்கு எடுத்து எடுத்து அலுத்துப்போய், சங்கம் சொந்தமாக ஒரு கட்டடம் பார்த்தது. வூலிச்சுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்றுக்குக் கிட்ட, முன்னொரு காலத்தில் சதுப்பாகக் கிடந்த நிலம். வீதிப் பக்கத்தால் நுழைந்தால் மேல்தளம். நிலம் பின்பக்கம் சரிந்து போவதால், கார் நிறுத்துகிற பக்கத்தால் நுழைந்தால் கீழ்த்தளம். சங்கத்தின் தலைவர் வாஸ்து பார்க்க ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் திசைகாட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஈசானத்தில தண்ணி. ஈசானத்தில பள்ளம். தேடினாலும் இப்பிடி ஒரு நிலம் அமையாது."

அவர் சொன்னது சரிதான். வடகிழக்கில் ஆறு, நிலமும் வடகிழக்கைப் பார்த்துத்தான் சரிந்து கிடந்தது. வேறு எந்தச் சனமும் ஆற்றைப் பார்த்துச் சரிகிற நிலத்தை வாங்குவதற்கு முன் ஒருக்கால் தலையைச் சொறியும். நாங்கள் தேங்காய் உடைத்தோம். சிதறிய ஒரு துண்டு சரிவில் உருண்டு போய் ஆற்றுப் பக்க வேலியில் முட்டி நின்றது. அதுவும் நல்ல சகுனம் என்று நான்தான் மைக்கில் அறிவித்தேன்.

அதற்குப் பிறகு நடந்த பொதுக்கூட்டத்தில் அக்கா எழும்பினார்.

"அந்தக் கீழ்த்தளத்து நிலம் என்ன உயரம்?"

"வாஸ்துப்படி நல்ல பள்ளமான நிலம்" என்றார் தலைவர்.

"எதிலயிருந்து?"

சிரிப்புத் தொடங்கிவிட்டது. தலைவர் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். "அக்கா, பயப்பிடாதேங்கோ. ஆத்துக்குக் குறுக்கே அந்தப் பெரிய வெள்ளத் தடுப்புக் கதவு கட்டி வைச்சிருக்கிறான் வெள்ளைக்காரன். எங்கட மண்டபத்திலயிருந்து காரில பத்து நிமிசம்."

"ஓம், கிட்டத்தான். ஆனால் கதவு எங்களுக்கு மேற்கில இருக்கு. கடல் கிழக்கில இருந்து வாறது. நாங்கள் கதவுக்கு உள்பக்கம் இல்லைத் தலைவர். வெளிப்பக்கம்."

சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை பேர் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று குடும்பப் படம் எடுத்திருக்கிறோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அக்கா அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"வாங்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இந்தப் பக்கம் கரையை உயத்திக் கட்டியிருக்கினம். ஆனால் போன நூறு வருசத்துக்குள்ள கடல் ஒரு சாண் அளவு ஏறிட்டுது. அது அளந்து பாத்த கணக்கு. இந்த நூறு வருசம் முடியிறதுக்குள்ள இன்னும் ஒரு முழம் எண்டால் நல்ல காலம், ரெண்டு முழமும் வரலாம் எண்டு சொல்லுறினம். அது நாங்கள் என்ன செய்யிறம் எண்டதைப் பொறுத்தது. இங்கை தெற்கில நிலமும் மெல்ல மெல்ல இறங்குது. ஏறுறதையும் இறங்குறதையும் சேத்துத்தான் பாக்கவேணும். அதாலதான் எதிலயிருந்து எண்டு கேக்கிறனான்."

"அப்ப கடல் எங்கட மண்டபத்துக்குள்ள வருமோ அக்கா?" பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"கடல் வராது. உள்ள இருக்கிற தண்ணி வெளியில போகாது. ஆறு உயந்து நிக்கேக்கை வடிகால் வாய் மூடிப்போடும். அந்த நேரம் பாத்து மழை கொட்டினால் அது எங்கை போறது? வந்த வழியால திரும்பி வரும். கீழ்த்தளத்துக் கக்கூசால வரும். ரெண்டே ரெண்டு விசயம் செய்யுங்கோ. தண்ணி திரும்பி வராத மாதிரி வடிகாலுக்கு ஒரு தடுப்பு மூடி போடுங்கோ. புதன்கிழமை ஒன்றுகூடலுக்கு வாற வயசாளிகளை மேல்தளத்தில இருத்துங்கோ. கீழ வேண்டாம்."

நியாயமான கேள்வி, சின்ன வேண்டுகோள். சபை யோசிக்கத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. யோசிக்கிற சபையை எனக்குப் பிடிக்காது. அது என்னைப் பார்ப்பதில்லை.

"அன்பான உறவுகளே" என்றேன் மைக்கில், "வாற பொங்கலுக்கு வேட்டியோட ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் கொண்டுவாருங்கோ. கக்கூசுக்குப் போறவை தூண்டிலோட போங்கோ. போன அலுவல் சரிவராட்டிலும் ஒரு மீனாவது கிடைக்கும்."

அவ்வளவுதான். மண்டபம் கதிரையை விட்டு வழுக்கி விழுந்து சிரித்தது. அக்காவின் கணவரும் சிரித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தார். அக்காவின் இரண்டு வேண்டுகோளுக்கும் கை உயர்த்தச் சொன்னபோது நாலு கை உயர்ந்தது. அதில் ஒன்று காதைச் சொறியப் போன கை. அன்றைக்குத் தேநீர் இடைவேளையில்தான் அந்தப் பட்டப்பெயர் பிறந்தது. ஐந்து மணிக்குள் குழந்தைகள்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

மேல்தளத்தில் ஏன் வயசாளிகளை இருத்த முடியாது என்று கேட்பீர்கள். வீதியோடு ஒட்டிய வாசல், படிகூட இல்லை, புதன்கிழமைப் பகலில் வெறுமையாகத்தான் கிடக்கும். ஆனால் கட்டடத்தை வாங்கிய கையோடு, நடன வகுப்புக்கென்று அங்கே பளபளவென்று மரத்தளம் போட்டிருந்தோம். சக்கர நாற்காலி அதைக் கீறிவிடும் என்று நிர்வாகம் பயந்தது. நானும் நிர்வாகத்தில் இருந்தேன். நானும் பயந்தேன்.

பிறகு வந்த பொங்கலுக்கு மண்டபத்தின் பின்பக்கத்தில், அந்தச் சரிவில்தான் அடுப்பு மூட்டினோம். பால் பொங்கி வழிந்தபோது, "அக்கா, கடலும் இப்பிடித்தானே பொங்குது? எல்லாரும் சேந்து சொல்லுங்கோ, பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினேன். சனம் சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா பக்கத்தில் வந்தார். மைக்குக்கு எட்டாத குரலில் சொன்னார்.

"பால் வேறை தம்பி. அடுப்பை நிப்பாட்டினால் பால் இறங்கிப்போடும். கடல் அப்பிடியில்லை. இண்டைக்கு அடுப்பை நிப்பாட்டினாலும் கனகாலம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அவ்வளவு சூடு உள்ள போட்டுது. நிப்பாட்டினால் மெதுவா ஏறும். அவ்வளவுதான் எங்கட கையில இருக்கு."

பயமுறுத்துகிற குரல் இல்லை. சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று சொல்லுகிற குரல். அகப்பையும் கையுமாக நின்ற நான் கிண்டுவதை நிறுத்தினேன். அந்தச் சொல்லோடு ஒரு நிமிடம் நின்றிருந்தால் நான் வேறு மனிதனாகியிருப்பேனோ என்னவோ. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த ஆண்டு விழாவில் நான் அக்காவாக வேடம் போட்டேன். மனைவியின் சேலை, நீச்சல்காரர் போடுகிற கண்ணாடி, கையில் அளவு நாடா. மேடைக்கு வந்த தலைவரின் வண்டி வயிற்றை நாடாவால் அளந்து, "எதிலயிருந்து தலைவர்? சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?" என்று கேட்டேன். மூன்று நிமிடம் கைதட்டல் நிற்கவில்லை. அக்கா இரண்டாவது வரிசையில் இருந்தார். முடிந்த பிறகு, உதட்டுச் சாயத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னிடம் வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

"தம்பி, நாடாவைத் தலைகீழாப் பிடிச்சனீங்கள். சைபர் கீழ வரவேணும்."

"சரி அக்கா, அடுத்தமுறை திருத்துறன்."

அடுத்த வருடமும் அதே வேடம் போட்டேன். நாடாவைச் சரியாகப் பிடித்தேன். என் மனைவி அந்தச் சேலையைப் பிறகு உடுத்ததை நான் காணவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்ததைச் சொல்லத்தான் கை கூசுகிறது. "ஏன் இந்த மனிசி எப்ப பாத்தாலும் தண்ணி, தண்ணி எண்டுது?" என்று இல்ஃபோர்டில் ஒரு கலியாண வீட்டில் யாரோ கேட்டார்கள். ஒரு நல்ல கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது அறிவிப்பாளருக்கு அழகல்ல. "பாவம், சுனாமியில ஆக்களைப் பறிகுடுத்தவ போல" என்றேன். 'போல' என்று சேர்த்ததுதான் என் நேர்மை. மூன்றாவது வாய்க்குப் போனபோது 'போல' விழுந்துவிட்டது. ஒரு மாதத்தில் அக்காவுக்கு ஒரு தம்பியும், அவன் பிள்ளைகளாக இரண்டு பெறாமக்களும் கடலில் போய்விட்டார்கள். சனம் அவரிடம் அன்பாக நடக்கத் தொடங்கியது. அவர் கடலைப் பற்றி வாய் திறந்தால் பெண்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். தடவிக்கொடுத்தார்கள், கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மண்டபத்துக் குசினியில் அவர் தேநீர்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் ரோல்ஸ் ஒன்றைக் களவாக எடுக்கப் போனவன்.

"தம்பி, என்ர தம்பி சுனாமியில செத்திட்டானாம். கேள்விப்பட்டனீங்களே?"

ரோல்ஸ் வாய்க்குள்.

"அவன் டொராண்டோவில கொழுத்துப்போய் இருக்கிறான். நேற்றும் கதைச்சவன். எங்கட ஊர்ப்பக்கம் கடலே இல்லை. எனக்கு நீந்தவும் தெரியாது." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி. எனக்குக் கணக்குத் தெரியும். அது காணாதோ?"

அன்றைக்கு எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அவர் கதையை நான் கட்டினேன் என்று தெரிந்துதான் கேட்டாரா, இல்லை எதிரே வந்தவனிடம் கேட்டாரா என்றும் தெரியாது. நானாகச் சொல்லவும் இல்லை.

நிர்வாகம் எதுவும் செய்யாதபடியால் அக்கா தன்பாட்டில் ஒரு காரியம் செய்தார். கீழ்த்தளத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், சுற்றிவர நீல நாடா ஒட்டினார். இதற்குக் கீழே வயர் உள்ள எதையும் வைக்காதீர்கள் என்று சின்னதாக எழுதியும் வைத்தார். அதன் பக்கத்தில் 'குளிக்கத் தடை' என்று பெரிதாக எழுதியவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. சனம் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்கு அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, இண்டைக்குப் பின்னேரம் கடும் மழை எண்டு சொல்லியிருக்கு. மூண்டு மணிக்கு ஆறு நிரம்புது, அதுவும் பௌர்ணமிக் கடற்பெருக்கு. ரெண்டும் ஒரே நேரம். இண்டைக்கு ஒருநாள் மட்டும் ஆக்களை மேல இருத்துங்கோ."

"ஓம் அக்கா. ரெண்டு ஆடு, ரெண்டு மாடும் பிடிச்சுக்கொண்டு வரட்டே? கப்பல் எத்தினை மணிக்கு?"

"மேல இருத்துங்கோ தம்பி" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

இருத்தவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். மரத்தளம் நினைவில் இருந்தது.

இரண்டரை மணிக்கு மழை கொட்டத் தொடங்கியது. வயசாளிகள் பதின்மூன்று பேர், வடையும் தேநீருமாக நான் சொன்ன கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கக்கூசுக்குப் போன ஒருவர் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். அதற்கும் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் பழுப்புத் தண்ணீர் வந்தது. அலையாக இல்லை. சத்தமே இல்லை. கம்பளத்துக்குக் கீழால் வந்து, கம்பளத்தைத் தூக்கி, ஏதோ மூச்சு விடுவது போல மெல்ல உயர்ந்தது. பின்கதவைத் திறக்கப் போனேன்; கார் நிறுத்துகிற இடம் ஒரு குளம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயும் ஓடவில்லை.

அப்போதுதான் உள்படியால் அக்கா இறங்கி வந்தார். வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார். முதல் வேலையாக மெயின் சுவிட்சை நிறுத்தினார். "ஒருத்தரும் ஓடவேண்டாம். சுவரைப் பிடிச்சுக்கொண்டு, ஒராளுக்குப் பின்னால ஒராள்" என்றார். கடைசி ஆளுக்கு முந்திய ஆள், தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா, முதற்படியில் கால் வைக்கும்போது வழுக்கினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இடுப்பெலும்பு.

மேலே எல்லோரும் பளபளக்கும் மரத்தளத்தில் சேறோடு நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சோ? எண்ணிப் பாருங்கோ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த ஐயா அதற்குப் பிறகு புதன்கிழமைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "ஒரு பகிடி சொல்லு தம்பி" என்றார். சொன்னேன். வலியோடு சிரித்தார். அங்கிருந்து பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டார்.

தண்ணீர் வற்றிய பிறகு நிர்வாகம் கீழ்த்தளத்தில் கூடியது. சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம், நீல நாடாவுக்கு நாலு விரல் கீழே இருந்தது. தலைவர் குனிந்து பார்த்தார். "பாத்தீங்களே? கோட்டுக்கு வரேல்லைத்தானே. அக்கா சும்மா கூட்டித்தான் சொல்லுறவ." ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் மறுக்கவும் இல்லை. அதில் நானும் சேர்த்தி.

அக்கா ஓய்வு எடுத்துக்கொண்டு கணவரோடு மகள் இருக்கிற, மலைப்பாங்கான ஷெபீல்டுக்குப் போக முடிவு செய்தார். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்புவது என்று சங்கம் தீர்மானித்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நான் அவருக்குப் போன் எடுத்தேன். மைக்கில் செய்த பிழையை மைக்கில்தான் கழுவ வேண்டும் என்று எப்படியோ புத்தி வந்திருந்தது.

"அக்கா, நான் மேடையில உங்களிட்டை மன்னிப்புக் கேக்கப்போறன்."

"அது உங்கட விருப்பம். கேக்கிறதெண்டால் மூண்டு வசனம் காணும். நான் அண்டைக்குக் காலமை போன் எடுத்தது ஒண்டு. நீங்கள் கேக்காமல் விட்டது ரெண்டு. வயசாளிகளை மேல ஏத்துங்கோ, வடிகாலுக்கு மூடி போடுங்கோ எண்டு சபையிட்டைக் கேக்கிறது மூண்டு. நான் கேட்டால் சிரிப்பினம். நீங்கள் கேட்டால் செய்வினம்."

மூன்றையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதினேன். கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். மனைவியையும் கேட்கச் செய்தேன். "இதில பகிடி ஒண்டும் இல்லையே" என்றாள், நம்ப முடியாமல்.

மேடையேறினேன். அக்கா பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்தார்.

"அன்பான உறவுகளே, இண்டைக்கு நான் பகிடி ஒண்டும் விடப்போறதில்லை."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பொறுத்தேன்.

"வெள்ளம் வந்த அண்டைக்குக் காலமை அக்கா எனக்குப் போன் எடுத்தவ. ஆக்களை மேல இருத்தச் சொன்னவ."

அதற்கும் சிரித்தார்கள். ஒருவர் தொடையில் தட்டினார்.

"நான் கேக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

கூரை பறந்தது. "சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கேள் மச்சான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன்வரிசையில் ஒரேயொரு முகம் சிரிக்காமல் இருந்தது. அக்கா கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதற்காக.

துண்டு என் கையில்தான் இருந்தது. எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வந்து என் காலை நனைத்தது, முழங்காலுக்கு ஏறியது, நெஞ்சுக்கு வந்தது. எனக்கு அதில் நீந்தத்தான் தெரியும்.

"ஆனபடியால் அக்கா, ஷெபீல்டு மலையில ஏறி நிண்டுகொண்டு எங்களை மறந்திடாதேங்கோ. அங்கையிருந்து ஒரு நீளக் கயிறு எறிஞ்சு விடுங்கோ. முதல்ல தலைவரை இழுங்கோ, கயிறு அறுந்தால் மற்றவை தப்பிடுவினம்!"

என் வாழ்நாளில் அப்படியொரு கைதட்டல் வாங்கியதில்லை.

பிறகு அவரைக் கார் நிறுத்துகிற இடத்தில் கண்டேன். கணவர் காரை எடுத்துவரப் போயிருந்தார். அக்கா பொன்னாடையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, நான் உண்மையாத்தான் கேட்டனான்."

"தெரியும். முதல் ரெண்டும் உண்மை."

"அவை சிரிச்சவுடன..."

"ஓம் தம்பி, பாத்தனான்." குரலில் கோபம் இல்லை. "எனக்கு அந்த ரெண்டும் தேவையில்லை. மூண்டாவதுதான் தேவைப்பட்டது."

"இப்ப போய்ச் சொல்லட்டே?"

"சொல்லுங்கோ. இன்னும் ஆக்கள் போகேல்லை."

கார் வந்தது. அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். அதே நேரம் உள்ளே அதிர்ஷ்டச் சீட்டுக் குலுக்கலுக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓடினேன். துண்டு சட்டைப் பைக்குள் இருந்தது. மேடையேறி மைக்கைப் பிடித்தேன். சனம் நான் வாய் திறக்க முன்னமே சிரிக்கத் தயாராக இருந்தது.

"முதல் பரிசு" என்றேன், "ஒரு ரைஸ் குக்கர்."

அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. வடிகாலுக்கு மூடி போடவில்லை. புதன்கிழமைகளில் வயசாளிகள் இன்னும் கீழ்த்தளத்தில்தான் கூடுகிறார்கள். அங்கே புதிதாகக் கம்பளம் போட்டிருக்கிறோம், காலுக்கு மெத்தென்று இருக்கும். நிறம் தெரிவு செய்தது நான்.